இடப்பக்கம் யாரும் வரவில்லை

மிலான் நகரத்தின் நடுவில் பியாட்சா டெல் துவோமோ என்றொரு சதுக்கம் இருக்கிறது. ஒரு முனையில் பேராலயம். சுற்றிலும் கடைகள், வளைவு முகப்புகள், ஓர் அரண்மனை. 1978-இல் எதுவார்தோ பிசியாக், கிளாவுதியோ லுசாட்டி என்ற இரண்டு ஆய்வாளர்கள், மூளையின் வலப்பாதி அடிபட்ட இரண்டு பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். இருவருக்கும் அந்தச் சதுக்கம் தெருமுனை போலப் பழக்கம். "பேராலயத்தைப் பார்த்தபடி எதிர்முனையில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். என்னென்ன தெரிகிறது?" இருவரும் வலப்பக்கத்துக் கட்டடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். இடப்பக்கத்தில் இருந்தவை பெரும்பாலும் பேச்சிலேயே வரவில்லை. அடுத்து, "இப்போது பேராலயப் படிக்கட்டில் நின்று இந்தப் பக்கம் திரும்பிப் பாருங்கள்" என்றார்கள். சற்று முன் விட்டுப்போன கட்டடங்கள் எல்லாம் இப்போது வரிசையாக வந்தன. சற்று முன் சொன்னவை காணாமல் போயின.

ஊர் மறக்கவில்லை, கண்ணிலும் கோளாறு இல்லை. மனதுக்குள் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அந்தப் பக்கத்தின் இடப்பாதி மட்டும் கழன்று விழுந்துவிடுகிறது. நரம்பியலில் இதற்கு ஒருபக்கப் புறக்கணிப்பு என்று பெயர். மூளையின் வலப்பாதியில், அதிலும் பக்கமடல் பகுதியில் பக்கவாதம் தாக்கியவர்களிடம் இது கூடுதலாகவும் நீடித்தும் காணப்படுகிறது. இப்படி ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி, மூன்று வாரம் கழித்து, கைகால் தேறிவிட்ட தெம்பில் கார் சாவியைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் யார் என்ன சொல்வது?

பக்கவாதம் என்றதும் நம் ஊரில் எல்லோரும் பார்ப்பது கையையும் காலையும். பார்க்க வருகிறவர்கள் "கையைத் தூக்குங்க பார்ப்போம்" என்கிறார்கள். தூக்கினால் "பரவாயில்ல, தேறிட்டீங்க" என்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட் வந்து போகிறார். வாய் கோணல் நேராகிறது. நடை சற்றே இழுத்தாலும் நடக்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரியில் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எழுதியிருக்கும், எப்போது மறுபடி வர வேண்டும் என்றிருக்கும். வண்டி ஓட்டலாமா கூடாதா என்று ஒரு வரி இருப்பது அபூர்வம். கைகால் தேறுவதையே தேறுதல் என்று கணக்கு வைத்துவிட்டோம். வண்டி ஓட்டுவதைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு தலைகீழ்.

கையும் காலும் வராமல் போவதற்கு இயந்திரத்தில் மாற்று இருக்கிறது. இடக்கை, இடக்கால் பலவீனமானால் கிளச்சும் கியரும்தான் சிக்கல். கிளச்சே இல்லாத வண்டிக்கு மாறினால் அது தீர்ந்தது. 2014-இல் மாருதி செலேரியோ விலை குறைந்த தானியங்கி கியரோடு இந்தியாவுக்கு வந்த பிறகு, அது பணக்காரர்களின் தீர்வாகவும் இல்லை. ஒரு கையால் ஸ்டியரிங் திருப்ப, சக்கரத்தில் பொருத்தும் குமிழ் இருக்கிறது. வலக்கால் போனவருக்கு ஆக்சிலரேட்டரை இடக்கால் பக்கம் மாற்றித் தர முடியும். ஸ்கூட்டருக்கு இணைப்புச் சக்கரம் பூட்டிக் கொடுப்பதை இங்கே தெருத்தெருவாகப் பார்க்கிறோம், மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழக அரசே அப்படிப்பட்ட வண்டிகளைத் தருகிறது. ஆனால் இடப்பக்கத்தைக் கவனிக்காத மூளைக்கு எந்தப் பட்டறையிலும் உதிரிபாகம் கிடையாது.

இதில் இரண்டு வகைக் கோளாறுகள் ஒன்றோடொன்று குழம்பிப் போகும். ஒன்று அரைப்பார்வை இழப்பு. கண்ணிலிருந்து வரும் செய்தி மூளையின் பின்பகுதியில் போய்ச் சேரும் வழியில் எங்காவது சேதம் என்றால், இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்துப் பாதி மறைந்துவிடும். அங்கே கறுப்புத் திரை எதுவும் தெரியாது. நம் தலைக்குப் பின்னால் நமக்குக் கறுப்பாகவா தெரிகிறது? அப்படித்தான், அங்கே ஒன்றுமே இல்லை. இன்னொன்று முன்பு சொன்ன புறக்கணிப்பு. இதில் பார்வைப் பாதை ஒழுங்காகவே இருக்கலாம். அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதாக மூளை எடுத்துக்கொள்வதில்லை. அரைப்பார்வை இழந்தவருக்கு விஷயத்தை எடுத்துச் சொல்லிவிட்டால் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பழகிவிட முடியும். புறக்கணிப்பு உள்ளவருக்கு எதற்காகத் தலையைத் திருப்ப வேண்டும் என்பதே பெரும்பாலும் புரியாது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே வரும்.

வீட்டில் இதை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டுதான். மூன்று இட்லி வைத்தால் வலப்பக்கத்து ஒன்றரை இட்லி தீர்ந்திருக்கும். இடப்பக்கத்தில் இட்லியும் சட்னியும் தொடாமல் கிடக்கும். "போதுமா?" என்றால், "வேற இல்லையா?" என்று கேட்பார். தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தால், இப்போதுதான் பரிமாறியது போல மிச்சத்தைச் சாப்பிடுவார். வலக்கன்னம் மட்டும் மழித்திருக்கும். சட்டையின் இடக்கை நுழையாமல் தொங்கும். கடிகாரம் வரையச் சொன்னால் பன்னிரண்டு எண்களையும் வலப்பாதிக்குள் நெருக்கி எழுதுவார். இந்த அடையாளங்கள் நாளடைவில் மங்கும், சில வாரங்களில் தட்டு காலியாகத் தொடங்கும். தட்டு காலியாவதால் சாலை சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. தட்டு அசைவதில்லை. அவகாசம் தருகிறது. எதிரே பேருந்தும் பக்கத்தில் பைக்கும் ஒரே நொடியில் வருவது அங்கே இல்லை.

மருத்துவர்கள் படுக்கையருகே செய்யும் மிக எளிய பரிசோதனை ஒன்று இந்த இடத்தைத் தொட்டுக் காட்டும். நோயாளியின் எதிரே அமர்ந்து, தன் மூக்கைப் பார்க்கச் சொல்லி, இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொள்வார். வலப்பக்க விரலை ஆட்டினால் நோயாளி சரியாகக் காட்டுவார். இடப்பக்க விரலை ஆட்டினாலும் சரியாகக் காட்டுவார். இரண்டையும் ஒரே நேரத்தில் ஆட்டினால் வலப்பக்கத்தை மட்டும் காட்டுவார். இடப்பக்க விரல் ஆடவே இல்லை என்பார். தனியாக வந்தால் தெரிவது, போட்டிக்கு இன்னொன்று வந்ததும் அணைந்துவிடுகிறது. காலியான புறவழிச்சாலையில் இவர் அருமையாக ஓட்டுவார். மகனோ மருமகனோ பக்கத்தில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சுற்றுப் போய்வந்து, "அப்பா நல்லாத்தான் ஓட்டறார்" என்று சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

வண்டி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதும் இதில் சேரும். அமெரிக்காவிலும் இத்தாலியிலும் ஓட்டுநர் காரின் இடப்பக்கம் உட்கார்கிறார். இடப்பக்கத்தை இழந்தவருக்கு அங்கே காரில் அந்தப் பக்கம் இருப்பது கதவு மட்டும்தான். நாமும் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் வலப்பக்கம் உட்கார்கிறோம். காரின் முழு அகலமும் இடப்பக்கம்தான் நீண்டிருக்கிறது. நம் சாலைகளில் நடைபாதை இல்லாமல் நடப்பவர்கள், பேருந்துக்கு நிற்பவர்கள், ஓரங்கட்டிய ஆட்டோ, தள்ளுவண்டி, திடீரென்று கதவு திறக்கும் கார் எல்லாமே இடப்பக்கம். இடப்பக்கமாகப் புகுந்து முந்தும் பைக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இடப்பக்கக் கண்ணாடியை மடக்கி வைத்தே ஓட்டும் நாடு இது. உடம்பு நன்றாக இருப்பவர்களே அந்தப் பக்கத்தை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டார்கள் போல. ஆக, வலமூளைப் பக்கவாதம் பறிக்கிற பக்கமும் நம் சாலையில் ஆபத்து குவிந்திருக்கிற பக்கமும் ஒன்றாகிவிடுகின்றன. ஓட்டுபவரின் மனைவி உட்காருவதும் அந்த இருக்கையில்தான். மேட்டில் உரசுவது, நிறுத்திய வண்டியை மயிரிழையில் தாண்டுவது எல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். "லெஃப்ட்ல பாருங்க, லெஃப்ட்ல" என்று கத்துகிறவரும் அவர்தான். "நீ கத்தறதுனாலதான் எனக்குப் பதறுது" என்று திட்டு வாங்குகிறவரும் அவர்தான்.

அந்தத் திட்டில் நடிப்பு எதுவும் இல்லை. அவருக்கு உண்மையாகவே அங்கே எதுவும் இல்லை. 1914-இல் பாரிஸில் ஜோசஃப் பாபின்ஸ்கி என்ற நரம்பியலாளர், பக்கவாதத்தில் இடப்பக்கம் செயலிழந்தும் அதை அறியாமலிருந்த நோயாளிகளைப் பற்றிச் சொல்லி, அந்த நிலைக்கு அனோசோக்னோசியா என்று பெயர் வைத்தார். நோய் இருப்பதே நோயாளிக்குத் தெரியாத நோய். உளவியலார் சொல்லும் மறுப்பு வேறு. அங்கே மனம் உண்மையை ஏற்க மறுக்கிறது. இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய உறுப்பே அடிபட்டிருக்கிறது.

இதற்கு உலகமறிந்த எடுத்துக்காட்டு அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ். 1974-இன் கடைசி நாளில் அவருக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்தது. மலையேற்றத்தில் பெயர் பெற்றவர் அவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே, கால் நன்றாகத்தான் இருக்கிறது என்று செய்தியாளர்களைத் தன்னோடு மலைநடைக்கு அழைத்தார். அவரது நிலை எல்லோருக்கும் தெரிந்திருந்தும், 1975 நவம்பர் வரை அவர் பதவி விலகவில்லை. தீர்ப்பு எழுதுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் தன்னைப் பற்றிய தீர்ப்பில் இப்படிச் சறுக்கினார் என்றால், ஆர்.டி.ஓ. ஆபீஸ் கவுண்டரில் நிற்கும் நம்மைப் பற்றி என்ன சொல்வது?

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுப் பிற்பாடு கலிஃபோர்னியாவில் புகழ்பெற்ற வி.எஸ். ராமச்சந்திரன் இந்த நோயாளிகளோடு நிறைய நேரம் செலவிட்டவர். அவர் செய்த சோதனைகளில் ஒன்று எளிமையானது. இரண்டு வேலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்றை ஒரே கையால் முடித்துவிடலாம், பரிசு சிறியது. இன்னொன்றுக்கு இரண்டு கையும் வேண்டும், ஷூ லேஸ் கட்டுவது போல. பரிசு பெரியது. இடக்கை வராதவர்கள் தயங்காமல் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒற்றைக் கையால் கயிற்றோடு மல்லுக்கட்டித் தோற்ற பிறகும், அடுத்த முறை கேட்டபோது அதையே தேர்ந்தெடுத்தார்கள். தோல்வி பாடம் கற்பிக்கவில்லை. இன்னொரு சோதனை இதைவிட விசித்திரம். இடக்காதுக்குள் பனிக்கட்டி போன்ற குளிர்ந்த நீரை விட்டால் உட்காதின் சமநிலை உறுப்பு தூண்டப்படுகிறது. தூண்டப்பட்டதும், அதுவரை கை நன்றாக இருக்கிறது என்ற நோயாளி, கை வரவில்லை, கொஞ்ச நாளாகவே வரவில்லை என்று ஒப்புக்கொண்டார். விளைவு தீர்ந்ததும் மறுபடி பழைய பல்லவி. இதற்கு முன் பிசியாக்கின் குழுவும் இதைக் கண்டிருக்கிறது. அப்படியானால் அந்த உண்மை மூளையில் எங்கேயோ பதிவாகிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கேட்கும்போது வெளியே வர வழியில்லாமல் கிடந்திருக்கிறது. காதில் குளிர்நீர் ஊற்றி லைசென்ஸ் கொடுக்க முடியாது என்பது வேறு விஷயம்.

இப்போது இந்தியச் சட்டத்துக்கு வருவோம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் படிவம் 1 ஓட்டுநர் தன் உடல்தகுதியைத் தானே உறுதிமொழியாகச் சொல்வது. வலிப்போ திடீர் மயக்கமோ தலைசுற்றலோ உண்டா? நல்ல வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலுள்ள காரின் நம்பர் பிளேட்டை ஒவ்வொரு கண்ணாலும் படிக்க முடிகிறதா? கையோ காலோ இழந்திருக்கிறீர்களா, கைகால் தசைப் பலத்தில் குறை உண்டா? சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடிகிறதா? மாலைக்கண் உண்டா? காது கேட்கிறதா? கடைசியில், பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய வேறு நோய் ஏதும் உண்டா என்று ஒரு பொதுக்கேள்வி. பக்கவாதத்துக்கென்று தனிக் கேள்வி கிடையாது. நாற்பதைத் தாண்டியவர்களும் வாடகை வாகனம் ஓட்டுபவர்களும் மருத்துவரிடம் படிவம் 1-அ வாங்கிவர வேண்டும். அதை எப்படி வாங்குகிறோம் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

இந்தக் கேள்விகளைப் புறக்கணிப்பு உள்ள ஒருவர் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? நம்பர் பிளேட்டைப் படித்துவிடுவார். பாதிப் பார்வை போனாலும் நடுப்பார்வை பெரும்பாலும் கூர்மையாகவே இருக்கும், கண் டாக்டரிடம் எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படிப்பவர்கள் உண்டு. சிவப்பு பச்சை தெரியும். காது கேட்கும். கைகால் தேறியிருந்தால் அதிலும் பொய் இல்லை. 'ஆபத்து விளைவிக்கக்கூடிய வேறு நோய்' என்ற கேள்விக்கு மனதறிய 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 16-ஆவது பிரிவு நோயினால் தகுதியிழந்தவரின் லைசென்ஸை ரத்துசெய்ய அதிகாரம் தருகிறது. 186-ஆவது பிரிவு உடல் அல்லது மனத் தகுதியின்றி ஓட்டுவதற்கு அபராதம் விதிக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அது முதல்முறை 1,000 ரூபாய், மறுமுறை 2,000. இரண்டு பிரிவுகளுமே தகுதியில்லை என்பது யாருக்காவது தெரிந்த பிறகுதான் உயிர்பெறும். தெரியவேண்டிய முதல் ஆள் ஓட்டுநர் என்பதில்தான் மொத்த ஏற்பாடும் நிற்கிறது.

பிரிட்டனில் இதை வேறுவிதமாக யோசித்திருக்கிறார்கள். கார், பைக் ஓட்டுபவருக்குப் பக்கவாதமோ, சில நிமிடங்களில் தீர்ந்துவிடும் தற்காலிகத் தாக்குதலோ வந்தால், ஒரு மாதம் ஓட்டக் கூடாது. நன்றாக இருக்கிறாரா, ஓட்ட முடிகிறதா என்ற விவாதத்துக்கே அங்கே இடமில்லை. ஒரு மாதத்துக்குப் பிறகும் கோளாறு மிச்சமிருந்தால் லைசென்ஸ் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். லாரி, பஸ் ஓட்டுபவருக்கு ஓராண்டு. ஆஸ்திரேலியாவில் சொந்த வண்டிக்குப் பக்கவாதத்துக்குப் பின் நான்கு வாரம், தொழில்முறை ஓட்டுநருக்கு மூன்று மாதம். பிரிட்டனில் 20 மீட்டரில் நம்பர் பிளேட் படித்தால் மட்டும் போதாது. கிடைமட்டப் பார்வைப் புலம் குறைந்தது 120 டிகிரி இருக்க வேண்டும், ஒவ்வொரு பக்கமும் 50 டிகிரியாவது இருக்க வேண்டும். ஓட்டக் கூடாது என்று சொல்லியும் நோயாளி ஓட்டிக்கொண்டே இருந்தால், மருத்துவர் ரகசியம் காக்கும் கடமையைத் தாண்டி லைசென்ஸ் துறைக்குச் சொல்லலாம் என்று அந்நாட்டு மருத்துவக் கவுன்சிலே வழிகாட்டுகிறது.

அங்கும் ஓட்டை இல்லாமல் இல்லை. 2014 டிசம்பர் 22 அன்று கிளாஸ்கோ நகரின் கடைத்தெருவில் ஒரு குப்பை லாரி கட்டுப்பாடின்றி ஓடி ஆறு பேரைக் கொன்றது. ஓட்டுநர் ஸ்டியரிங்கின் மேல் மயங்கிக் கிடந்தார். அது பக்கவாதம் இல்லை, மயக்கம். 2010-இல் பேருந்து ஓட்டிய காலத்திலேயே அவருக்கு ஒருமுறை மயக்கம் வந்திருந்ததையும், அதை அவர் மறைத்ததையும் விசாரணை பின்னர் வெளிக்கொண்டுவந்தது. சுயஉறுதிமொழி எந்த நாட்டிலும் எவ்வளவு மெல்லிய நூல் என்பதற்கு அது போதும். அவர் தெரிந்தே மறைத்தார். நாம் பேசிக்கொண்டிருப்பவரிடம் மறைக்க எதுவும் இல்லை. சட்டம் முன்னவரைத் தண்டிக்க யோசிக்கலாம். பின்னவரை என்ன செய்வது?

இன்னொரு கசப்பும் இதில் உண்டு. இடமூளை அடிபட்டால் பலருக்குப் பேச்சு போகும். சொல்ல நினைத்த சொல் வராது, மற்றவர் சொல்வது முழுதாய்ப் புரியாது, படிவத்தில் கையெழுத்துப் போடவே தடுமாறுவார். வலமூளை அடிபட்டால் பேச்சு அப்படியே இருக்கும். மிடுக்காக, வாதாடும் திறமையோடு, பழைய நகைச்சுவையோடு இருப்பார். வெளிப்பார்வைக்கு முதல் ஆள் உடைந்தவர், இரண்டாம் ஆள் தேறியவர். குடும்பம் முதல் ஆளிடம் சாவியை ஒளித்துவைக்கிறது, இரண்டாம் ஆளிடம் வாதத்தில் தோற்றுச் சாவியைக் கொடுத்துவிடுகிறது. உண்மையில் பேச்சிழந்தவரில் சிலர் சாலையை முழுதாகப் பார்க்கிறார்கள், வேகத்தைக் கணிக்கிறார்கள், தங்களால் என்ன முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். எழுத்துத் தேர்வு வைத்தால், கேள்வி புரியாமலே தோற்பார்கள். நன்றாகப் பேசுகிறவரே நன்றாக ஓட்டுவார் என்ற நம்பிக்கை வகுப்பறை முதல் சட்டமன்றம் வரை நம்மிடம் இருக்கும் பழைய வியாதி.

அப்படியானால் எதை வைத்துத்தான் தீர்மானிப்பது? பிரிட்டனில் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த ஃபியோனா நூரியும் நதீனா லிங்கனும் பக்கவாதம் வந்த ஓட்டுநர்களுக்கென்றே மேசைமேல் செய்யும் ஒரு தேர்வை உருவாக்கினார்கள். புள்ளிகள் நிறைந்த தாளில் குறிப்பிட்ட எண்ணிக்கைப் புள்ளிக் கூட்டங்களை மட்டும் அடிக்க வேண்டும். வண்டிகள் எந்தத் திசையில் போகின்றன என்பதைக் கட்டங்களில் பொருத்த வேண்டும். சாலைக்காட்சிகளுக்கு ஏற்ற அடையாளப் பலகைகளை நேரத்துக்குள் எடுத்து வைக்க வேண்டும். பின்னாளில் 2011-இல் இப்படிப்பட்ட ஆய்வுகள் பலவற்றை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, சாலையில் தேறுவாரா என்பதை நன்றாக முன்கூட்டிக் காட்டியவை அந்தப் பலகைத் தேர்வும், திசைத் தேர்வும், எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடிழுத்து இணைக்கும் வேறொரு தேர்வும்தான். அந்தத் திரட்டிலிருந்த 1,728 பேரில் 54 விழுக்காட்டினர் சாலைத் தேர்வில் தேறினார்கள்.

பாதிக்கு மேல் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பக்கவாதம் வந்தவர் இனி வண்டியைத் தொடவே கூடாது என்று சாவியைப் பீரோவில் பூட்டும் குடும்பங்களுக்கும் இந்த எண்ணிக்கை எதிராகவே நிற்கிறது. மேற்கில் ஒருவரின் கார் பறிபோவது என்றால் வேலையும் நட்பும் மருத்துவமனையும் பறிபோவது. இங்கே பேருந்தும் ஆட்டோவும் மருமகளும் உண்டு என்று சமாதானம் சொல்லிக்கொள்வோம். ஐம்பது வயதில் டி.வி.எஸ். எக்ஸெல்லில் காய்கறி ஏற்றிப்போகிறவருக்கு அந்தச் சமாதானம் ஆகாது. பக்கவாதம் இங்கே மேலைநாடுகளைவிட இளைய வயதிலேயே வருகிறது, சம்பாதிக்கும் வயதில்.

சோதிக்காமல் விடுவதிலும் மேற்கு நமக்குச் சளைத்ததில்லை. அமெரிக்காவின் அலபாமாவில் 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், பக்கவாதத்துக்கு முன் வண்டி ஓட்டியவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் மறுபடி ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். பாதிப் பேரிடம் யாரும் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. 87 விழுக்காட்டினருக்கு எந்தச் சோதனையும் நடக்கவில்லை.

இதுவரை சொன்னதை வைத்து, தன் குறையை அறிந்தால் போதும், மற்றது தானாகச் சரியாகும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதற்கு இத்தாலியத் திரைப்பட இயக்குநர் ஃபெடரிகோ ஃபெலினியே சாட்சி. 1993 ஆகஸ்டில் அவருக்கு வலமூளையில் பக்கவாதம் வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 31-இல் இறந்தார். நரம்பியலாளர்கள் அன்னா கந்தகல்லோவும் செர்ஜோ தெல்லா சாலாவும் 1998-இல் அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஃபெலினிக்குத் தன் இடப்பக்கம் தொலைந்தது நன்றாகத் தெரிந்திருந்தது. அதைப் பற்றிக் கேலி பேசினார், வேடிக்கைச் சித்திரங்கள் வரைந்தார். ஆனாலும் ஒரு கோட்டை நடுவில் வெட்டச் சொன்னால் அவர் கை வலப்பக்கமே போய் விழுந்தது. தெரிந்திருப்பதும் பார்ப்பதும் இரண்டு வேலைகள். அறிவு என்பது பழகுவதற்கான வாசல், அவ்வளவுதான்.

வாசலுக்கு அப்பால் பயிற்சி இருக்கிறது. பெல்ஜியத்தின் லூவனில் ஆகின்வுந்தானும் சகாக்களும் 83 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு ஐந்து வாரத்தில் பதினைந்து மணி நேரம், நிஜக் கார் போன்ற சிமுலேட்டரில் ஓட்டுப் பயிற்சி. மற்றவர்களுக்கு அதே அளவு நேரம் வழக்கமான அறிவுப் பயிற்சிகள். 2005-இல் வெளியிட்ட முடிவில், ஆறு மாதம் கழித்துச் சிமுலேட்டர் குழுவில் 73 விழுக்காட்டினர் ஓட்டத் தகுதி பெற்றிருந்தார்கள், மற்றதில் 42. பிரிட்டனின் விதியிலும் இதே எண்ணம் ஒளிந்திருக்கிறது. பார்வைப் பாதி போனவர் பன்னிரண்டு மாதத்துக்குப் பிறகு, குறை மேலும் வளரவில்லை, முழுதாகப் பழகிக்கொண்டார் என்று காட்ட முடிந்தால், சாலையில் ஓட்டிக் காட்டி லைசென்ஸைத் திரும்பப் பெற ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். தெரிந்த குறைக்கு வழி உண்டு. தெரியாத குறைக்கு முதலில் அதைத் தெரியவைக்க வேண்டும்.

நம் ஊரில் சிமுலேட்டர் எல்லா மாவட்டத்துக்கும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வேண்டிய வண்டி தெருவுக்கு ஒன்றாக ஏற்கெனவே நிற்கிறது. டிரைவிங் ஸ்கூல் கார்களில் இரட்டைக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்பது விதி. இடப்பக்க இருக்கையின் கீழே வாத்தியாருக்கென்று ஒரு பிரேக்கும் கிளச்சும். அந்த மாஸ்டர் உட்காருவது சரியாக அந்தத் தொலைந்த பக்கத்தில். முப்பது வருஷமாகப் பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் கால் எப்போது தடுமாறும் என்று பார்த்துப் பழகியவர் அவர். நரம்பியல் மருத்துவர் ஒரு சீட்டெழுதி, பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பின்சீட்டில் உட்கார்ந்து, எத்தனை முறை மாஸ்டர் பிரேக்கில் கால் வைத்தார், எத்தனை முறை வண்டி இடப்பக்கம் சாய்ந்தது, இடப்பக்கம் திரும்புமுன் தலை திரும்பியதா என்று குறித்துக்கொண்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போடுவதிலும் ரிவர்ஸ் எடுப்பதிலும் இதில் எதுவும் தெரியாது. அங்கே யாரும் இடப்பக்கத்திலிருந்து வருவதில்லை.

டாக்சிக்காரருக்கும் லாரிக்காரருக்கும் இது மட்டும் போதாது. பிரிட்டனின் ஓராண்டுத் தடையை அப்படியே இங்கே கொண்டுவந்தால், தவணை கட்டும் கால்டாக்சி ஓட்டுநர் மறைத்துத்தான் ஓட்டுவார், கிளாஸ்கோக்காரர் மறைத்ததைப் போல. தடை நீளும் மாதங்களுக்கு அவர் வீட்டில் அடுப்பெரிய யார் பொறுப்பு என்பதையும் சேர்த்து எழுதாத விதி, ஆஸ்பத்திரிக்கே போகாமலிருக்க ஒரு காரணமாகிவிடும். பக்கவாதத்தில் ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு போவதைவிடப் பெரிய சிகிச்சை கிடையாது.

சொந்த வண்டிக்காரருக்காவது அந்த டிரைவிங் ஸ்கூல் ஓட்டத்தை நாளைக்கே தொடங்கலாம். ஒரு மணி நேரம் போதும். அதை அதிகாலை ஆறு மணிக்குக் காலிச் சாலையில் வைத்தால் பயனில்லை. மாலை நாலரை மணிக்கு, பள்ளி விடும் நேரத்தில், பேருந்து நிறுத்தத்தை ஒட்டி வைக்க வேண்டும்.